கடப்புறத்து ரத்தம்

“அந்த ஆளுகளுக்கு அது வராது.”

போன மாதம் உங்கள் டியூட்டி ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. சொன்னது யார் என்று எழுத மாட்டேன். சொன்ன பிள்ளைக்குத் தெரியும். பென்ஷன் வாங்குகிற பழைய ஹெட் நர்ஸ், ஓரமாக உட்கார்ந்து பழம்பொரி தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் வாயைத் திறக்காமல் தின்றுவிட்டு வந்துவிட்டேன். திறந்திருந்தால் உங்கள் டீ ஆறிப்போயிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு டாக்டர், விரல் விட்டு எண்ணும் அளவுக்கு நர்ஸுமார், ஒரு அட்டெண்டர், பின்பக்கம் ஓடு போட்ட தனி வார்டு ஒன்று. அந்த வருடம் மழை பிந்தியது. வெயிலோடு அம்மையும் வந்தது. பெரியம்மை ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இது சின்னம்மை. சிக்கன்பாக்ஸ் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரிப்பீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வந்து போகிற சங்கதிதானே என்று.

எங்களுக்கும் முதலில் சிரிப்புதான். சிரிப்பு நின்றது ஒரு லாரி டிரைவரால். குவாரியில் கல் ஏற்றுகிற வண்டி ஓட்டுபவர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். உடம்பெல்லாம் கொப்புளத்தோடு தானே நடந்து வந்து படுத்தார். “சிஸ்டரே, எனக்க பிள்ளைக்கு வந்தது எனக்கு வந்திருக்கு. அவன் எழும்பிப் பந்து வெளயாடுதான், நான் கெடக்கேன்” என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். மறுநாள் இருமல். அதற்கடுத்த நாள் உதடு நீலம். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஆள் இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த டாக்டர் கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். டாக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது, வட கேரளத்திலிருந்து வந்த பையன்.

அன்றைக்குப் பிறகு தனி வார்டுப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வார்டோ நிறைந்துகொண்டே வந்தது. எல்லாம் உள்நாட்டு ஆட்கள், கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரர்கள். ரப்பர் வெட்டுகிறவர், தறிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எல்லாருமே வளர்ந்தவர்கள். ஊரில் வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது.

அந்த நேரம் பார்த்து பெருங்கடவிளையில் என் மாமியார் இறந்துபோனார். பதினாறு முடியும்வரை நான் லீவு. திரும்பி வந்த காலையில் பஸ் இறங்கி, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக நடந்தேன். தனி வார்டு ஜன்னலுக்குள்ளே ஸ்டெல்லா தெரிந்தாள். ஒரு நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சித்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா எங்கள் ஸ்டாஃப் நர்ஸ். பொழியூர்ப் பக்கம் கடற்கரையில் பிறந்த கடப்புறத்துப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பம். கட்டியவன் கொச்சியில் போட்டில் போகிறவன். அவளுக்கு அப்போது ஏழு மாதம். வயிறு கட்டிலில் இடிக்காமல் இருக்க உடம்பைச் சரித்துக்கொண்டு நின்றாள்.

என் கையிலிருந்த பை கீழே விழுந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு சிக்கன்பாக்ஸ் வந்து நெஞ்சில் இறங்கினால் என்ன ஆகும் என்று படிக்கும் காலத்தில் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

வராந்தாவில் அட்டெண்டர் தங்கப்பன் அண்ணன் பக்கெட்டோடு வந்தார்.

“ஆரு இவள உள்ள விட்டது?”

“டாக்டராக்கும். இப்பந்தான் மூணு நாளு ஆச்சு. நீங்க என்னத்துக்கு சிஸ்டரே வெப்ராளப்படுதீங்க? கடப்புறத்து ஆளுவளுக்கு இது ஒட்டாது. அவிய ரத்தம் வேற ஆக்கும்.”

“ஓ! நீரு எப்பம் பரிசோதிச்சீரு?”

“பரிசோதிக்கணுமா? மீன்காரிய தெனமும் அம்மை போட்ட வீட்டு முத்தத்துல கூடைய எறக்கி வச்சுப் பேசிட்டுப் போறாவ. ஒருத்திக்காவது மேலுல ஒரு குரு பொங்குச்சா? நீங்களே சொல்லுங்க.”

 அவர் சொன்னது உண்மை. ஒரு மீன்காரிக்கும் வரவில்லை. கடப்புறத்திலிருந்து வளர்ந்த ஆள் ஒருவர்கூட எங்கள் வார்டுக்கு வந்து படுக்கவில்லை. வெறும் புளுகாக இருந்தால் வாரியலால் பெருக்கித் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். ஊரே கண்ணால் கண்ட விஷயமாக இருந்ததால்தான் எனக்குப் பயமும் பேடியும் கூடியது.

டாக்டரிடம் போனேன். கண்ணெல்லாம் சிவந்து, தூங்காத முகம்.

“சிஸ்டர், வேற ஆரும் உள்ளே போக மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யும்? ஸ்டெல்லா தானே வந்து போறேன்னு சொன்னா. இது ஜெனெட்டிக் விஷயமாணு. சில இனங்களுக்குச் சில வைரஸ் ஏறாது. வெளிநாட்டிலெல்லாம் இதைப் பற்றி ஆராய்ச்சி நடக்குது.”

தங்கப்பன் அண்ணன் ரத்தம் என்றார், இவர் ஜீன் என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. ஆனால் மறுத்துப் பேச எனக்குப் படிப்பு காணாது. ஜீன் என்றால் எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டே பக்கம். அந்தப் பையன் முட்டாளும் இல்லை, கெட்டவனும் இல்லை. ஒருவன் கைக்குள்ளேயே செத்ததைப் பார்த்துப் பயந்துபோனவன். பயந்தவன் கையில் ஒரு பெரிய வார்த்தை கிடைத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். நீங்களும் பிடிப்பீர்கள், நானும் பிடிப்பேன்.

நேராக வார்டு ஜன்னலுக்குப் போனேன்.

“சேச்சி எப்பம் வந்தீங்க? அடக்கமெல்லாம் நல்லபடியா நடந்துதா?” என்று சிரித்தாள் ஸ்டெல்லா.

“அது கெடக்கட்டும். ஒனக்கு அம்மை வந்ததுண்டா?”

“எங்க ஆளுவளுக்கு இது வராது சேச்சி. வந்தாலும் சின்னதுலயே வந்து போவும்.”

“ஒனக்க ஆளுவள நான் கேக்கல்ல பிள்ளே. ஒன்னக் கேட்டேன்.”

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

“எனக்கும் வந்துதாம். அம்மா சொல்லுவா.”

“ஒனக்கு ஓர்மை உண்டா?”

“எங்க ஓர்மை! நடை பழகின வயசு. நான் மடத்துல நிக்கும்போ வந்து போச்சாம்.”

“வடு எங்க?”

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள். “எனக்க தோலு நல்ல தோலாக்கும் சேச்சி, ஒண்ணும் நிக்காது” என்று மறுபடி சிரித்தாள்.

நடை பழகுகிற கடப்புறத்துப் பிள்ளைக்கு உள்நாட்டுக் கன்னியாஸ்திரீ மடத்தில் என்ன வேலை? அந்த வயதில் அங்கே படிக்க வைப்பார்களா? அவளுக்குத் தாய் உண்டு, தகப்பன் உண்டு.  “கைய கழுவிட்டு வெளிய வா, நான் சொல்லும்வர உள்ள போவப்படாது” என்று சொல்லிவிட்டு, தங்கப்பன் அண்ணனைப் பாறசாலைச் சந்தைக்கு விரட்டினேன். ஸ்டெல்லாவின் தாய் பிலோமினா அங்கேதான் மீன் விற்பாள்.

பிலோமினா கூடையோடு வந்தாள். மகளுக்கு வலி வந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருக்கிறாள், மூச்சு இளைத்தது. ஸ்டெல்லா வராந்தா பெஞ்சில் முழுசாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் மாதாவைக் கூப்பிட்டுக் கும்பிட்டாள். டாக்டரும் வெளியே வந்து நின்றார்.

“ஒண்ணும் இல்ல பிலோமினா. இவ அம்மை வார்டுல நிக்கா. இவளுக்குச் சின்னதுல வந்ததுதானே?” என்று கேட்டேன்.

அவள் கூடையை இறக்கி வைக்கவில்லை. தலையில் கூடை இருக்க, முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

“எந்த வார்டு?”

நான் கையைக் காட்டினேன்.

“எனக்க மாதாவே!” என்றாள். கூடை சரிந்து சாளை மீனெல்லாம் வராந்தாவில் கொட்டியது. “இவளுக்கு வரல்ல! வரவே இல்ல! இவள ஆரு உள்ள விட்டது?”

“அம்மா, மடத்துல வச்சு வந்துதுன்னு நீதானே சொன்ன?” என்று எழுந்தாள் ஸ்டெல்லா.

“பொய்யாக்கும் மக்களே. நான் சொன்னது பொய்யாக்கும்.”

தரையில் உட்கார்ந்து, மீனுக்கு நடுவிலேயே அழுதுகொண்டு சொன்னாள். ஸ்டெல்லாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை இருந்தது. அம்மை வந்து அது போய்விட்டது. பிறகு ஸ்டெல்லா பிறந்து நடக்கத் தொடங்கிய காலத்தில் மறுபடியும் கடப்புறத்தில் அம்மை இறங்கியது. அங்கே வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கும், சுவர் ஒன்றே. ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் போட்டுவிடுவார்கள், ஒன்றாக வந்து ஒன்றாகப் போகட்டும் என்று. கஞ்சியும் ஒரே கலத்தில். ஒருத்தரும் ஓடக் கூடாது, அது அங்கே வழக்கம்.

“நான் ஓடினேன் சிஸ்டரே. இவள முந்தானைக்குள்ள மூடி எடுத்துக்கிட்டு ஓடினேன். மடத்துல எனக்க சித்திக்க மோளு அடுக்களைல நின்னா. அவகிட்டக் கொண்டு ஒளிச்சு வச்சேன். எல்லாம் ஒதுங்கின பெறகு கூட்டிட்டு வந்தேன். எல்லாவளும் வாசல்ல வந்து நின்னு கேட்டாளுவ. எங்க பிள்ளைய கெடந்து துடிக்கும்போ ஒனக்க பிள்ளைய மட்டும் காப்பாத்தினியோன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அங்க வச்சே வந்து போச்சுன்னு சொன்னேன். பெறகு அதையே சொல்லிச் சொல்லி, எனக்கே அது நெசம் போல ஆயிப்போச்சு.”

ஸ்டெல்லா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, தன்னைப் பெற்றவளை அந்நிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இப்போது கவனியுங்கள். நெருக்கடியில் புத்தி எப்படிக் கோணும் என்பதற்கு இது உதாரணம். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, “சிஸ்டர், மூணு நாள் உள்ளே நின்னாச்சு. வரணும்னா இதுக்குள்ள வைரஸ் ஏறியிருக்கும். இனி மாற்றி என்ன பிரயோஜனம்? வேற ஆள் கிடைக்கும்வரை…” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “நனைஞ்சவள மழையிலயே நில்லுன்னு சொல்லுவீங்களா டாக்டர்?” என்று கேட்டேன். “வேற ஆளு இல்லியா? இங்க பாருங்க.” இடது புருவத்துக்கு மேலே உள்ள குழியைக் காட்டினேன். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கரண்டி பட்ட வடு என்று சிலர் நினைக்கிறார்கள். ஏழு வயதில் எனக்கு வந்த அம்மை அது. நான் உள்நாட்டு இந்துக் குடும்பம். அவர்கள் கணக்குப்படி என் ரத்தம்தான் அம்மைக்குத் தீனி. ஆனால் அந்த வார்டுக்குள் பயமில்லாமல் போகக்கூடியவள் நான்தான்.

பிறகு எல்லாரையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தினேன். ஜாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரே கேள்வி: உனக்கு வந்ததுண்டா, வந்ததைக் கண்டவர் யார்? துப்புரவுக்காரம்மாவுக்கு வந்திருந்தது, அவள் அக்கா சாட்சி. இரண்டு நர்ஸுமாருக்கு வந்திருந்தது. தங்கப்பன் அண்ணன் மூக்கிலேயே இரண்டு குழி. “இத மூக்குல வச்சிக்கிட்டா நீரு ஊருக்கு ரத்தம் பாத்தீரு?” என்று கேட்டேன். மனுஷன் மூக்கைத் தடவிக்கொண்டு பக்கெட்டை எடுத்தார். அரை மணி நேரத்தில் வார்டுக்கு ஆள் ஆயிற்று. எத்தனை நாளாக நாங்கள் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று செத்துக்கொண்டிருந்தோம்!

டாக்டரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் அங்கே நின்று வாதாடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு, திருவனந்தபுரத்துக்குப் போனார். தொற்றுப் பட்ட சில நாளுக்குள் போட்டால் நோயின் வேகத்தைக் குறைக்கலாம் என்ற இம்யூனோகுளோபுலின் ஊசியைத் தேடி, அலைந்து, யார் காலிலோ விழுந்து, ஐஸ் டப்பாவோடு சாயங்காலம் வந்தார். அவரே போட்டார்.  “வராதுன்னு என்னால் சொல்ல முடியாது ஸ்டெல்லா. நான் சொன்னது தப்பு” என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அதன் பிறகு காத்திருப்பு. பிள்ளைகளே, நம் வேலையில் ஓடுகிற நேரத்தில் பயம் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற நேரத்தில்தான் அது நெஞ்சில் ஏறி உட்காரும். அம்மை உடம்புக்குள் நுழைந்தால் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஸ்டெல்லாவைக் கடப்புறத்துக்கு அனுப்பவா, இங்கே வைக்கவா என்று ஒரு கேள்வி வந்தது. பிலோமினா வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று காலைப் பிடித்தாள். எனக்கும் மனசு இளகியது. ஆனால் அங்கிருந்து மூச்சு முட்டினால் வண்டி பிடித்து வருவதற்குள் என்ன ஆகும் என்று நினைத்தேன். டிரைவரின் உதடு கண்முன்னால் வந்தது. “இங்க என் குவார்ட்டர்ஸ்ல கெடக்கட்டும்” என்றேன். என் வீட்டுக்காரருக்கும் சின்ன வயதில் வந்ததுதான், மாமியார் உயிரோடு இருந்தபோது சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் மறுபடி அவருடைய அக்காளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் அவள் முதுகு, வயிறு, தலைமயிர் விளிம்பு எல்லாம் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி கண்டால் போதும், விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். வேர்க்குரு ஒன்று வந்து ஒரு பகல் முழுக்க எங்களைக் கொன்றது. “சேச்சி, இது அதா?” என்று கேட்பாள். “இல்ல பிள்ளே, சூடு” என்பேன். என் குரல் எனக்கே நம்பும்படி இருக்காது.

தாயோடு அவள் பேசவே இல்லை. பிலோமினா மீன் விற்கப் போவதை நிறுத்திவிட்டாள். அடுக்களைப் படியில் உட்கார்ந்து, கஞ்சி வைத்து, தட்டை அறை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஸ்டெல்லா எடுத்துத் தின்பாள், அவ்வளவுதான். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “எல்லாப் பிள்ளையளோடயும் என்னயும் அந்தப் பாயில போட்டிருந்தா, இன்னைக்கு எனக்க பிள்ளைக்கு இந்தப் பேடி உண்டா சேச்சி?” வெளியே படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கேட்டிருப்பாள். 

இனி வராது என்று நாங்கள் மெல்லத் துணிந்த சமயத்தில் வந்தது. நெற்றி விளிம்பில் ஒரு கொப்புளம், தண்ணீர்த் துளி போல. வயிற்றில் மூன்று. நான் பார்த்ததை அவள் என் முகத்தில் பார்த்துவிட்டாள்.  ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் இருமினாள். ஒரே ஒரு இருமல். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். “இன்னும் ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பார்த்திட்டு…” என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் டிரைவரின் ஓர்மைதான். “வேண்டாம். இப்பவே போகலாம்” என்றார். அந்த ஒரு முடிவுக்காக அந்தப் பையனின் பழைய பிழையெல்லாம் நான் மறந்துவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் இளக்காரமாகப் பேசுவார்கள், ஒரு இருமலுக்கா கொண்டுவந்தீர்கள் என்று. பேசட்டும்! இளக்காரத்துக்குப் பயந்து ஒரு ராத்திரி காத்திருந்து ஆளைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜீப்பில் பின்னால் படுக்க வைத்தோம். நெய்யாற்றின்கரைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வேகமாகிவிட்டது. நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தை நாள், காளைவண்டியும் பஸ்ஸும் அடைத்து நின்றன. ஜீப் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிலோமினா கால்மாட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், தொடத் தைரியம் இல்லாமல்.

ஸ்டெல்லா விட்டு விட்டுப் பேசினாள். “சேச்சி… எங்க ஆளுவ ஒருத்தருக்கும் வரல்லியே. எனக்கு மட்டும் என்னத்துக்கு? நான் அவிய கூட்டம் இல்லியா?”

சாவு பக்கத்தில் நிற்கிறது, இந்தப் பெண்ணுக்குத் தன் கூட்டத்திலிருந்து தள்ளிவிட்டார்களே என்ற வேதனை. எனக்கு அழுகை வந்துவிட்டது. “ரத்தத்துல ஒண்ணும் இல்ல மக்களே. அவியளுக்குப் பிள்ளையில வந்து போச்சு, ஒனக்கு வரல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். பேசாத, மூச்ச விடு” என்றேன். அவள் கண்ணை மூடினாள். கை மட்டும் எதையோ தேடியது. நான் என் கையைக் கொடுத்தேன். அதை விட்டுவிட்டு மறுபடி தேடியது. கால்மாட்டிலிருந்து பிலோமினா ஊர்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். அது விடவில்லை.

மெடிக்கல் காலேஜில் நடந்ததையெல்லாம் விவரிக்கப்போவதில்லை, அது உங்கள் பாடத்தில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் புள்ளி விழுந்திருந்தது. ஆக்ஸிஜன் குழாயோடு அவள் போராடிய நாட்களில் நான் டியூட்டி முடிந்ததும் பஸ் ஏறிப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். காலத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்று அங்கே ஒருவர் சொன்னார். ஊசி வேகத்தைத் தணித்தது என்று இன்னொருவர் சொன்னார். எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. பிழைத்தாள். சில வாரம் கழித்து, மாதம் நிறையும் முன்பே, பெண்பிள்ளை பிறந்தது. எலிக்குஞ்சு போல இருந்தாலும் அழுகைச் சத்தம் ஆஸ்பத்திரியைக் கூட்டியது.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? கடப்புறத்துக்காரிக்கும் அம்மை வரும் என்று ஒப்புக்கொண்டிருக்கும் என்று நினைப்பீர்கள். தங்கப்பன் அண்ணன் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “சின்னதுலயே மடத்துச் சோறு தின்னவ இல்லியா சிஸ்டரே, ரத்தம் மாறிப்போச்சு. அதாக்கும் காரணம்.” கேட்டீர்களா? தன் மூக்குக் குழியைத் தடவிக்கொண்டே சொன்னார். சவத்த விடு, இவருக்கு ஏறாது என்று நான் போய்விட்டேன்.

நானும் டாக்டரும் பிறகு இதை நிறையப் பேசினோம். கடப்புறத்தில் வீடுகள் நெருக்கம், வழக்கமும் அப்படி, எல்லாருக்கும் பிள்ளைப் பருவத்திலேயே வந்து முடிந்துவிடும். உள்நாட்டில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், அம்மை வந்தால் வாசலை அடைத்து வேப்பிலை கட்டிவிடுவார்கள். அதனால் பாதிப் பேர் அம்மையைக் காணாமலே வளர்ந்து, மீசை முளைத்த பிறகு அகப்பட்டுக்கொள்வார்கள். டாக்டர் மேல்படிப்புக்குப் போய் ஒருமுறை பார்க்க வந்தபோது சொன்னார்: “ஜீன் விஷயம் பொய் இல்ல சிஸ்டர். சில வைரஸ் சிலரை ஏன் கடுமையாப் பிடிக்குதுங்கிறதுக்கு அதுல பதில் இருக்கு. ஆனா முதல்ல முன்னாடி வந்ததா, எந்த வயசில வந்தது, எப்படி வாழுறாங்க, இதெல்லாம் கழிக்கணும். கழிச்ச பிறகும் மிச்சம் நிக்குதான்னு பார்க்கணும். நான் கழிக்காமலே பேசிட்டேன்.” நீங்களும் ஜீன் படியுங்கள், என்னைவிட நன்றாகப் படியுங்கள். படித்துவிட்டு, முன்னால் நிற்கும் ஆளிடம் அவரைப் பற்றிக் கேளுங்கள். “எங்களுக்கு” என்று பதில் வந்தால் நகராதீர்கள். “எனக்கு” என்று வரும்வரை நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டெல்லா பிள்ளையோடு என் குவார்ட்டர்ஸுக்கே திரும்பி வந்தாள். ஆபத்து நேரத்தில் கையைப் பிடித்தாளே ஒழிய, உடம்பு தேறியதும் தாயிடம் பழைய மௌனம்தான். பிலோமினா கடப்புறத்துக்குப் போய்விட்டாள். பிறகு ஒருநாள் காலையில் வந்தாள். முற்றத்துக்கு ஏறவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

“உள்ள வா பிலோமினா” என்றேன்.

“வேண்டாம் சிஸ்டரே. எங்க பக்கத்து வீட்டுல பிள்ளையளுக்கு அம்மை போட்டிருக்கு. நான் அந்த வீட்டுல ஏறல்ல. குளிச்சு, துணி மாத்தித்தான் வந்தேன். ஆனாலும் பிள்ளைய தொட எனக்குப் பேடி. இங்க நின்னு ஒருக்கா பாத்துட்டுப் போறேன்.”

வெயிலில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள். ஸ்டெல்லா பிள்ளையோடு வராந்தாவுக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். 

ஸ்டெல்லா படி இறங்கிக் கேட்டுக்குப் போனாள். டியூட்டியில் நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

“என்னப் பெத்த அம்மைக்காரியே, ஒனக்கு வந்ததுண்டா?”

பிலோமினா திகைத்தாள். பிறகு முந்தானையை விலக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே விரலை வைத்தாள். “உண்டு மக்களே. இன்னா, பாரு.”

ஸ்டெல்லா குனிந்து அந்த வடுவை நன்றாகப் பார்த்தாள். பெருவிரலால் தொட்டும் பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள்.

“அப்பம் வா. பிள்ளைய வாங்கு, எனக்க கை கடுக்குது.”